லக்சருக்குக் குழு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எகிப்துக்குத் தமிழ்க் குழுக்களைக் கூட்டிப்போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், குழுவோடு கூடவே வரும் டூர் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

குளிர்கால சீசனுக்கு நீங்கள் திட்டம் போடும் நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். கெய்ரோவில் இரண்டு நாள், அஸ்வானிலிருந்து கப்பல், லக்சரில் இறங்கி மேற்குக்கரை, மன்னர் பள்ளத்தாக்கு, ஹாட்ஷெப்சுத் கோயில், மெம்னோன் சிலைகள், மதியச் சாப்பாடு. உங்களில் பெரும்பாலானவர்கள் போடும் திட்டம் ஏறக்குறைய இதுதான், நானும் அப்படி ஒரு குழுவில்தான் போய் வந்தேன். அந்தக் காலை நேரத்தில், ஓவியம் தீட்டிய கல்லறைகளுக்குள் நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நுழையும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. சார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவ்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கீறிய ஏறக்குறைய 30 எழுத்துப் பொறிப்புகளை அடையாளம் கண்டு அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி தமிழ் பிராமி. சிகை கொற்றன் என்று ஒருவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசெய்ர் அல்-காதிமிலும் தமிழ்ப் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது பழைய செய்தி. கப்பலில் வந்த நம் வணிகர்கள் துறைமுகத்தோடு திரும்பிவிடாமல் பாலைவனத்தைக் கடந்து நைல் வரைக்கும் வந்து, ஊர் சுற்றிப் பார்த்தும் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் புதுசு. படித்தபோது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அடுத்த நிமிடமே ஒரு பயம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு தமிழ்க் குழுவும் "கொற்றன் எங்கே எழுதியிருக்கிறார்" என்று கேட்கும். நாற்பது பேர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூக்கு உரசும் தூரத்தில் சுவரோடு சுவராக நின்று தேடுவார்கள். உங்கள் விளம்பரத்திலும் அது கொட்டை எழுத்தில் வரும். வரட்டும், அதில் தப்பில்லை. அதற்கு முன்னால் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

லக்சர் மலை சுண்ணாம்புக்கல். கல் நல்ல உறுதியாக இருந்த இடத்தில் அதிலேயே செதுக்கினார்கள். விரிசலும் பொடியுமாக இருந்த இடத்தில் வைக்கோல் கலந்த மண்ணை அப்பி, அதன்மேல் ஜிப்சம் பூச்சு பூசி, அது காய்ந்தபிறகு காவி தோய்த்த நூலைச் சுண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் உருவங்களை வரைந்து வண்ணம் ஏற்றினார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண், கறுப்புக்குப் புகைக்கரி. நீலம் மண்ணிலிருந்து எடுத்தது இல்லை, மணலும் செம்பும் சுண்ணாம்பும் கார உப்பும் சேர்த்து உலையில் சுட்டுச் செய்தது. இதையெல்லாம் சுவரில் பிடித்து வைத்திருப்பது வேலம்பிசின் மாதிரியான மரப்பிசின், இல்லாவிட்டால் விலங்குப் பசை. இரண்டுமே தண்ணீர் பட்டால் இளகும். ஈரப்பூச்சிலேயே வரைந்து பூச்சோடு ஒட்டிப்போகிற ஓவிய வகை இது கிடையாது, காய்ந்த பூச்சின் மேல் பசையின் பலத்தில் உட்கார்ந்திருக்கும் பொடி.

அதனால்தான் வேர்த்த கையை வைக்கக்கூடாது என்கிறார்கள். முதலாம் சேத்தி மன்னரின் கல்லறையை 1817-இல் பெல்சோனி என்ற இத்தாலியர் திறந்தார். பள்ளத்தாக்கிலேயே நேர்த்தியான சுவர்கள் அதில்தான் என்று பலரும் சொல்வார்கள். அங்கே வந்தவர்கள் ஈரக் காகிதத்தைப் புடைப்புச் சிற்பத்தின்மேல் அழுத்தி அச்சு எடுத்தார்கள். காகிதத்தை உரித்தபோது வண்ணமும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சுவர்களில் பல இடம் வெறும் வெள்ளைக் கல்லாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சு எடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆராய்ச்சிக்காகத்தான் செய்தார்கள். 1829-இல் சம்போலியன், எகிப்திய எழுத்தையே நமக்குப் படித்துக் காட்டிய அந்த மேதை, அதே கல்லறையிலிருந்து ஒரு முழுப் பலகத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போனார். அது இன்று பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் ஜோடி இத்தாலியில் பிளாரன்சில்.

சரி, அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். நெஃபர்தாரியின் கல்லறைக்கு வருகிறேன், உங்கள் பிரசுரங்களில் அட்டைப்படமாகப் போடுவது பெரும்பாலும் அதைத்தான்.

இரண்டாம் ராம்செஸின் பட்டத்தரசி அவர். 1904-இல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலியத் தொல்லியலாளர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தபோதே காரை பல இடத்தில் பெயர்ந்து கிடந்தது. காரணம் உப்பு, நாம் சமையலுக்குப் போடுகிற அதே உப்பு. நம் ஊரில் கடலோரத்து வீடுகளில் சுவர் உப்புப் பூத்து, மேல்பூச்சு பொரிந்து, தொட்டால் பொலபொலவென்று உதிருமே, அதுவேதான் அங்கேயும் நடந்திருக்கிறது. கல்லிலும் பூச்சிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஈரம் வந்தால் அது கரைந்து வெளிப்பக்கம் நகரும், காய்ந்ததும் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வளர்ந்து, ஓவியத்தை உள்ளேயிருந்து வெளியே தள்ளும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஓவியம் இப்படிப் போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். கல்லறையைப் பல பத்தாண்டுகளுக்கு மூடியே வைத்திருந்தார்கள்.

1986-இல் எகிப்தின் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் 'கெட்டி' (Getty) என்ற கலைப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. பாவ்லோ மோரா, லாரா மோரா என்ற இத்தாலியத் தம்பதிதான் அந்தக் குழுவுக்குத் தலைமை. முதலில் அவர்கள் எதையும் சுத்தம் செய்யவில்லை. மல்பெரி மரப்பட்டையில் செய்த மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, விழப்போகிற ஒவ்வொரு செதிலும் விழாமல் இருக்க மேலே ஒட்டினார்கள், புண்ணுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அப்புறம்தான் பின்னாலிருந்த உப்பை எடுத்து, செதிலைத் திரும்ப அதன் இடத்தில் அமர்த்தி, பிறகு அழுக்கைத் துடைத்தது எல்லாம். 1992 வரைக்கும் நடந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் செய்யாமல் விட்ட காரியம்தான். உதிர்ந்துபோன இடத்தில் யாரும் புதிதாக வரைந்து நிரப்பவில்லை. போனது போனதுதான் என்று அந்த இடத்தை வெறும் பூச்சாக விட்டார்கள். அரசி செனெட் என்ற விளையாட்டுப் பலகையின் முன்னால் உட்கார்ந்து ஆடும் படத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்பும் வெள்ளையும் மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தைய கையின் வேலை. அதன்மேல் வேறு யாருடைய தூரிகையும் படவில்லை.

1995-இல் மறுபடியும் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். 2003-இல் திரும்ப மூடினார்கள். 2016-இல் தனிக் கட்டணச் சீட்டோடு திறந்தார்கள். 2024-இல் மறுபடியும் மூடினார்கள். சீட்டு விலை ஏன் அவ்வளவு இருந்தது என்று குழுவில் யாராவது கேட்டால், ஆட்களைக் குறைப்பதற்காகத்தான் அந்த விலை என்று தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். உள்ளே நிற்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்ததற்குக் காரணம், மனிதர் மூச்சு ஈரம். முப்பது பேர் மலை வெயிலில் நடந்து வந்து, உடம்பெல்லாம் வேர்வையோடு ஒரு சின்ன அறையில் நின்றால், அந்த அறையின் காற்றில் ஈரம் ஏறும். எல்லோரும் வெளியே போனதும் இறங்கும். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தினமும். உப்புக்கு வேண்டியது அதுதான்.

துட்டன்காமுன் கல்லறையில் கதை கொஞ்சம் வேறு. சுவர் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகளால் பூஞ்சை வளர்ந்துவிட்டது என்று பலகாலம் பேச்சு இருந்தது. 2009-இலிருந்து பத்து வருடம் கெட்டி நிறுவனமும் எகிப்திய நிபுணர்களும் ஆராய்ந்து பார்த்தார்கள். 1920-களில், கல்லறையைத் தோண்டிய காலத்தில், புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டதில் புதிதாக எதுவும் வளரவில்லை என்று தெரிந்தது. நுண்ணுயிர்தான், ஆனால் எப்போதோ செத்துப்போனது. மன்னர் சின்ன வயதில் இறந்ததால் அவசர அவசரமாக வேலையை முடித்து, பூச்சு நன்றாகக் காயும் முன்பே கல்லறையை அடைத்துவிட்டார்கள், அந்த ஈரத்தில் வந்ததாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. வண்ணத்துக்குள்ளேயே இறங்கிவிட்டதால் புள்ளிகளை எடுக்கவும் முடியாது, எடுத்தால் ஓவியமும் போய்விடும்.

அப்படியானால் நம்மால் ஒரு கெடுதலும் இல்லையா? இருக்கிறது, அதையும் அதே ஆராய்ச்சிதான் சொன்னது. நம் செருப்பிலும் துணியிலும் வரும் தூசி. மேடுபள்ளமான சுவரில் அந்தச் சாம்பல்நிறப் படலம் படிகிறது. படிந்தால் துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் ஓவியத்துக்கு ஆபத்து. கூடவே ஈரம், கரியமில வாயு. அதனால்தான் புதுக் காற்றோட்ட வசதி போட்டு, பார்வையாளர் நிற்கும் மேடையையும் தடுப்பையும் மாற்றினார்கள். பிளாஷ் போடாமல் படம் எடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று குழுவில் நினைக்கிறார்கள், சில டூர் மேனேஜர்களும் அதை மட்டும்தான் சொல்கிறார்கள். பிளாஷைவிட இந்தத் தூசியும் மூச்சும், சுவரில் சாய்கிற தோளும், தோளில் தொங்கும் பையின் ஜிப்பும்தான் பெரிய விஷயம்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. ஆறாம் ராம்செஸ் கல்லறையின் நீள நடையில் முன்னால் ஒரு கப்பல் கூட்டம், பின்னால் நாங்கள், எதிரே வெளியே வருகிறவர்கள். ஒதுங்க இடமில்லை. ஒரு பெரியவர் மூச்சு வாங்குகிறது என்று சுவர்ப்பக்கம் சாய்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எழுபது வயதுக்காரரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, மூன்று கல்லறையையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? அப்புறம் ஒருவர், காவலாளி கையில் கொஞ்சம் பவுண்டைத் திணித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் படம் எடுக்க விடுவார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதை அவருக்குச் சொன்னது எங்கள் டூர் மேனேஜரேதான். இதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அந்தக் காவலாளியின் சம்பளம் என்னவென்று நமக்கு நன்றாகவே புரியும். அவருடைய கஷ்டத்தை வைத்து அவர் காக்கிற சுவரையே நாம் விலைபேசக் கூடாது.

உங்களிடம் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பள்ளத்தாக்கில் கல்லறைக்குள் கைடு நின்று விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது, வெளியிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த விதியை நீங்கள் தொல்லையாகப் பார்க்கிறீர்கள், அது உங்களுக்குச் சாதகமானது. முந்தின நாள் ராத்திரி கப்பலில் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அரைமணி நேரம் உட்காரவைத்து, படங்களைத் திரையில் போட்டு, தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஓசிரிஸ் முகம் ஏன் பச்சை, கூரையில் நட்சத்திரம் ஏன், சூரியன் ராத்திரியில் எந்த வழியாகப் போகிறது, எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும், கொற்றன் எந்தப் பக்கம். தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர் பத்து நிமிடத்தில் கண் நிறையப் பார்த்துவிட்டு வருவார். தெரியாமல் போகிறவர் அரைமணி நேரம் நின்றாலும் செல்ஃபி எடுத்துவிட்டுத்தான் வருவார். பேருந்திலிருந்து இறங்கும்போதே குழுவை மூன்றாகப் பிரித்து வெவ்வேறு கல்லறைக்கு அனுப்புங்கள். எல்லாக் கப்பல் கூட்டமும் காலையில் ஒரே நேரத்தில் வந்து மொய்க்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டிசம்பர், ஜனவரி வெயில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வெயிலே இல்லை, மதியத்துக்கு மேல் கூட்டிப்போகலாம். முதுகுப்பையை வண்டியிலேயே விடச் சொல்லுங்கள்.

அடுத்தது கொஞ்சம் பெரிய வேண்டுகோள். துட்டன்காமுன் கல்லறையின் நகலை உங்கள் திட்டத்தில் சேருங்கள்.

"டூப்ளிகேட்டைக் காட்டவா லட்சக்கணக்கில் பணம் வாங்கினீர்கள்" என்று வாடிக்கையாளர் கேட்பார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நகல் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மாட்ரிட்டின் ஃபேக்டம் நிறுவனம் 2009-இல் அசலின் சுவரைத் தொடாமல் ஒளிக்கதிரால் வருடி அளவெடுத்து, மேடுபள்ளம், விரிசல், அந்தப் பழுப்புப் புள்ளி உட்பட அப்படியே செய்து, 2014-இல் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் வாழ்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் நிறுவியது. அசலில் இல்லாத ஒன்றும் அங்கே இருக்கிறது. உள்ளேயிருந்த பெரிய பேழைகளை வெளியே எடுப்பதற்காகக் கார்ட்டரின் குழு தெற்குச் சுவரின் ஒரு பகுதியை உடைத்து எடுத்தது. ஐசிஸ் தெய்வமும் பின்னால் மூன்று சிறு தெய்வங்களும் இருந்த பகுதி அது. அசல் தொலைந்தே போனது. பர்ட்டனின் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து அதை மீட்டுச் செய்து நகலில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் இல்லை, நேரக் கணக்கு இல்லை, மூச்சு விடப் பயப்பட வேண்டியதில்லை, வயதானவர்கள் நிதானமாக நிற்கலாம், குழந்தைகள் கேள்வி கேட்கலாம். இப்போது சேத்தியின் கல்லறைக்கும் இதே வேலை நடக்கிறது. பாரிசுக்கும் பிளாரன்சுக்கும் லண்டனுக்கும் சிதறிப்போன துண்டுகளையெல்லாம் அளவெடுத்து ஒன்றுசேர்க்கிறார்கள். லக்சர் மேற்குக்கரையில் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி கட்டிய ஸ்டாப்பலேர் வீட்டில் எகிப்திய இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களே அந்த அளவெடுக்கும் வேலையைச் செய்கிறார்கள்.

நகலை மட்டும் காட்டுங்கள், அசல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அசலைப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு, எல்லோருக்கும் அந்த உரிமையும் உண்டு. எகிப்து மக்களின் பிழைப்பும் இதில் இருக்கிறது, சுற்றுலா நின்றால் லக்சரில் அடுப்பு எரியாது. முதலில் நகலில் முக்கால் மணி நேரம், அப்புறம் அசலில் சில நிமிடம் என்று வரிசைப்படுத்தினால் இரண்டுமே நன்றாக அமையும். ஆனால் ஒன்று, அதை நகல் என்றே சொல்லிக் கூட்டிப்போங்கள். மறைத்துவிட்டு அங்கே போய்த் தெரியவந்தால்தான் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தச் சுவர்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. 2023-இல் ஒரு ஆய்வுக் குழு, கையில் தூக்கிப்போகும் எக்ஸ்-ரே கருவியை மென்னா, நக்தமுன் என்ற இரண்டு பேரின் கல்லறைச் சுவர்களுக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, மேல் வண்ணத்துக்கு அடியில் பழைய கோடுகள் மறைந்திருப்பதைக் காட்டியது. மென்னாவின் கையை ஓவியர் முதலில் ஒரு நிலையில் வரைந்துவிட்டு, மனம் மாறி வேறு நிலையில் வரைந்திருக்கிறார். நக்தமுன் கல்லறையில் இரண்டாம் ராம்செஸின் மகுடத்தையும் கழுத்தணியையும் செங்கோலையும் திருத்தியிருக்கிறார்கள். எகிப்திய ஓவியர்கள் கட்டம் போட்டு எந்திரம் மாதிரி ஒரே வார்ப்பில் வரைந்து தள்ளினார்கள் என்று நாம் படித்ததெல்லாம் முழுசாகச் சரியில்லை என்றாகிறது. சுவரை ஒரு துளிகூடச் சுரண்டாமல் கிடைத்த செய்தி இது. சுவர் இருந்தால்தான் நாளைக்கு வேறொரு கருவி வேறொன்றைக் காட்டும். கொற்றன் பெயரே இத்தனை காலம் அங்கேயேதான் இருந்தது, லட்சக்கணக்கானவர்கள் கடந்து போனார்கள், அந்த எழுத்தைத் தெரிந்த கண் வந்து சேர இவ்வளவு நாள் ஆனது.

அதனால் கொற்றன் எழுதினாரே, நாமும் ஒரு ஓரமாக எழுதினால் என்ன என்று குழுவில் யாராவது விளையாட்டுக்குப் பேனாவை எடுத்தால்கூட அந்த இடத்திலேயே கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அது எகிப்துச் சட்டப்படி குற்றம், ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதேபோல, பழைய ஓவியத் துண்டு என்று மேற்குக்கரையில் யாராவது துணியில் சுற்றி எடுத்து நீட்டினால் வாங்கவிடாதீர்கள். பெரும்பாலும் போலியாக இருக்கும். போலி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம், அப்போது எங்கோ ஒரு சுவரை அறுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1983-இன் 117-ஆம் சட்டம் தொல்பொருள் வியாபாரத்தையே தடைசெய்கிறது. தெத்திகி என்பவரின் கல்லறையிலிருந்து அறுக்கப்பட்ட ஐந்து துண்டுகளை லூவர் அருங்காட்சியகமே விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தது. எகிப்து அதனோடு ஒத்துழைப்பை நிறுத்தியதும் 2009-இல் பிரான்ஸ் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலைமை என்றால் நம் ஆள் விமான நிலையத்தில் என்ன பதில் சொல்வார்?

கப்பலில் அந்த அரைமணி நேர விளக்கத்துக்குத் தமிழில் குறிப்புகள் இல்லை என்பதுதான் உங்கள் தடை என்றால், அதை எழுதித்தர நான் தயார், காசு வேண்டாம். கல்லறைக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில், வயதானவர்களும் படிக்கிற மாதிரி. படம், வரைபடம் செய்துதர நண்பர்கள் இருக்கிறார்கள். உங்களில் யாராவது ஒருவர் இந்தச் சீசனில் ஒரே ஒரு குழுவுக்காவது இப்படிச் செய்து பார்த்துவிட்டு, எது நடந்தது, எது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, குழு என்ன சொன்னது என்று பகிர்ந்தால் அதற்கேற்றபடி திருத்தி மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.

அன்புடன்,
உங்கள் குழு ஒன்றில் வந்து போன பயணி